கற்பனை நாட்டின் முதற்பொறி

விஞ்ஞானப் புனைகதை எழுதப் புகும் ஆசிரியர் முதலில் ஒரு நாட்டைப் படைக்கவேண்டும். அந்நாட்டுக்கு நிலம் வேண்டும், காற்று வேண்டும், ஊர்கள் வேண்டும், ஊர்களில் வாழும் மக்களுக்குத் தொழில் வேண்டும். இவ்வளவும் அமைத்த பின்னர் அவர் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. அந்த மக்கள் பொறியியல் அறிவில் எவ்வளவு தூரம் முன்னேறியவர்கள்? இரும்பை மட்டும் அறிந்தவர்களா? நீராவியையும் அறிந்தவர்களா? மின்சாரம் வரை வந்துவிட்டவர்களா? பெரும்பாலான கதைகளில் இவ்வினாவுக்கான விடை ஓர் ஏணியின் உருவில் அமைந்துவிடுகின்றது. முதற்படியிற் கற்கருவி, அதன்மேல் வெண்கலம், அதன்மேல் இரும்பு, பின்னர் நீராவி யந்திரம், ஆலை, புகைவண்டி. கதை மாந்தரை எந்தப் படியில் நிறுத்துவது என்று தீர்மானித்துவிட்டால் ஏனையவை தாமே வந்து பொருந்திவிடும் என்று ஆசிரியர் நம்பிவிடுகின்றார்.

சற்று நெருங்கி நோக்கினால் இந்த ஏணி ஒரு தனி நாட்டின் வரலாறு என்பது புலனாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே நிலக்கரியும் இரும்புக் கல்லும் அருகருகே கிடைத்தன. ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடின. அங்கே நிகழ்ந்த கைத்தொழிற் புரட்சியின் படிகளையே பின்வந்தோர் மனித குலம் முழுவதற்கும் உரிய விதியாகக் கொண்டுவிட்டனர். அந்த ஏணியை முற்றிலும் வேறான ஒரு மண்ணில் ஊன்றிப் பார்த்தால் அது நிற்குமா? இந்தச் சோதனைக்கு வேற்றுக் கிரகம் ஒன்றைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, கடல் சூழ்ந்து கிடக்கும் புங்குடுதீவே போதும்.

ஒரு தீவில் ஒரு நாகரிகத்தை முதலிலிருந்து கட்டியெழுப்பும் கதைகளுள் மிகப் புகழ் பெற்றது பிரெஞ்சு எழுத்தாளர் யூல்ஸ் வேர்ண் 1874, 1875ஆம் ஆண்டுகளிலே தொடராக வெளியிட்ட ‘மர்மத் தீவு’ என்னும் நாவல். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்திற் பலூன் ஒன்றில் ஏறித் தப்பியோடும் ஐவர், ஆளில்லாத தீவொன்றிலே எறியப்படுகின்றனர். அவர்களிடம் கருவி எதுவும் இல்லை. இரண்டு கடிகாரங்களும், ஒருவனுடைய உடையிலே அகப்பட்ட ஒரே ஒரு கோதுமை மணியும் இருக்கின்றன. அவர்களுள் ஒருவரான பொறியியலாளர், கடிகாரக் கண்ணாடிகள் இரண்டையும் சேர்த்து, இடையே நீரை நிரப்பி வில்லையாக்கி, சூரிய ஒளியினால் தீ மூட்டுகின்றார். பின்னர் செங்கல் பிறக்கின்றது. மட்பாண்டம், இரும்பு, உருக்கு, வெடிமருந்து, கண்ணாடி ஆகியவை ஒவ்வொன்றாகப் பிறக்கின்றன. ஈற்றிலே மின்தந்தியும் வந்துவிடுகின்றது.

வாசகர் அந்தப் பொறியியலாளரின் அறிவை வியக்கின்றார். வியக்கத்தக்க இன்னொன்றும் அக்கதையில் உண்டு. அது ஆசிரியருடைய தாராளம். அந்தத் தீவிலே இரும்புக் கல்லும் நிலக்கரியும் கந்தகமும் களிமண்ணும் நடந்து சென்று எடுத்துவரும் தொலைவிலே கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வற்றாத நன்னீர் ஏரி ஒன்று உயர்ந்த நிலத்திலே அமைந்திருக்கின்றது. வேர்ண் தம் மாந்தரிடமிருந்து கருவிகளைப் பறித்தார். ஆனால் நிலத்தின் செல்வத்தை அவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்.

இலங்கையை வாழிடமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க் என்னும் புனைகதை ஆசிரியர் இதனினும் ஒரு படி மேலே சென்றார். 1956ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்து குடியேறிய அவர் 2008ஆம் ஆண்டு கொழும்பிலே காலமானார். 1979இல் வெளிவந்த ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்ற பொருள்படும் பெயருடைய நாவலில், பூமியிலிருந்து வானவெளிக்கு ஏறும் ஒரு தூக்கியை அவர் கற்பனை செய்தார். அத்தகைய தூக்கி பூமத்திய ரேகையின்மீது அமையவேண்டும். இலங்கையோ அந்த ரேகைக்கு வடக்கே கிடக்கின்றது. ஆகவே இலங்கையைத் தப்ரபேன் என்னும் பெயரோடு ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி வைத்துக்கொண்டு கதையை எழுதினார். பொறிக்காக நாட்டையே இடம்பெயர்க்கும் உரிமை கதாசிரியருக்கு உண்டு. உண்மையான தீவில் வாழ்பவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும்; பொறிதான் அந்த நிலத்துக்கு ஏற்ப மாறவேண்டும்.

புங்குடுதீவு எத்தகைய நிலம்? வேலணையோடு ஒரு தாம்போதியால் இணைக்கப்பட்ட தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம் அது. அதன் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்கின்றன. அங்கே மலை இல்லை, ஆறு இல்லை, காடு என்று சொல்லத்தக்க காடும் இல்லை. நிலக்கரியோ இரும்புக் கல்லோ இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைப் பருவத்திலே வானம் கொடுப்பதே ஆண்டு மழையின் பெரும் பங்கு. அதன் பின்னர் மாதக்கணக்கில் வெயிலும் சோளகக் காற்றுமே. இந்த நிலத்திலே ஒரு நாகரிகம் வெளியுலகத் தொடர்பின்றித் தானே வளர்ந்திருந்தால் அதன் கைத்தொழில் எவ்வாறு தொடங்கியிருக்கும் என்பதே ஆராயத்தக்க வினா.

அம்மக்களிடம் திறமைக் குறைவு இருந்திருக்கும் என்று எண்ண இடமில்லை. பனை ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். வைரமேறிய பனை மரம் கூரைக்கு வளையும் சலாகையும் ஆகின்றது. ஓலை, கூரைக்கும் வேலிக்கும் பாய்க்கும் பெட்டிக்கும் ஆகின்றது. பதநீர் வெல்லமாகின்றது; கிழங்கு ஒடியலாகிப் பஞ்ச காலத்துக்கு உணவாகின்றது. சுண்ணாம்புக் கல்லையும் முருகைக் கல்லையும் சூளையில் இட்டு நீற்றிக் கட்டடச் சுண்ணாம்பு செய்யும் முறை இப்பகுதியிலே நெடுங்காலம் வழங்கியது. சாந்து எதுவுமின்றி முருகைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் நெடுந்தீவிலே இன்றும் நிற்கின்றன. கடற்றொழிலிலும் கப்பற் கட்டுமானத்திலும் வடபகுதி மக்கள் பெற்றிருந்த ஆற்றலுக்குச் சான்று வேறு வேண்டுவதில்லை. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டிலே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

ஆகவே கை இருந்தது, கணிப்பு இருந்தது, நுட்பம் இருந்தது. ஆனால் இரும்பு? இரும்பு இல்லாத நாகரிகம் கொதிகலனையும் உருளையையும் எதனாற் செய்யும்? இந்த இடத்திலே ஏணிக் கொள்கையினர் முகஞ்சுளிப்பர். எனினும் இரும்பின் வரலாறு கூட ஒரே பாதையிற் சென்றதன்று. இலங்கையின் தென்புறத்திலே, சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளிற் பண்டைய உலைகள் பல அகழ்ந்தெடுக்கப்பட்டன. துருத்தியை நம்பாது, தென்மேற்குப் பருவக் காற்றையே உலையினுள் புகவிட்டு அங்கே இரும்பும் உருக்கும் எடுத்தனர் என்பதைச் சோதனை உலை கட்டி நிறுவிய ஆய்வு 1996ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் கொல்லர்கள் ஏணியின் எந்தப் படியிலும் குறிக்கப்படாத ஒரு வழியைக் கண்டிருந்தனர். தம் நிலத்திலே வீசிய காற்றே அவர்களுக்கு அவ்வழியைக் காட்டியது.

எனினும் அந்த உலைகளுக்கும் மரக்கரி வேண்டியிருந்தது. எரிபொருள் இல்லாதவிடத்து எந்த நுட்பமும் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டிலே பறங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையிலான இரும்பாலையை நிறுவினார். சேலத்து இரும்புக் கல் உயர்ந்த தரமானது. ஆலையின் பொறிகளும் அக்காலத்துக்கு ஏற்றவையே. ஆனால் உலைக்கு வேண்டியது மரக்கரி. காடுகள் குறையக் குறையக் கரி தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று, செலவு ஏறிற்று. பல கைகள் மாறிய அந்த முயற்சி ஈற்றிலே கைவிடப்பட்டது. கல்லும் பொறியும் அறிவும் இருந்தும், எரிபொருட் கணக்கு அந்த ஆலையை மூடிற்று. புங்குடுதீவின் பனைகளை வெட்டி உலையிலே இட்டால் அந்தக் கணக்கு இன்னும் விரைவிலே முடிந்துவிடும். வளையும் சலாகையும் வெல்லமும் கிழங்கும் அதனோடு முடிந்துவிடும்.

ஆயினும் கதாசிரியர் பிடிவாதம் உடையவர் என்று வைத்துக்கொள்வோர், அவருக்கு இரும்பையும் எரிபொருளையும் கடல் வழியாக வரவழைத்துக் கொடுக்கலாம். அது இயலாத காரியமன்று. நிலக்கரி விளையாத கோர்ண்வால் பகுதிக்கு வேல்ஸ் நாட்டிலிருந்து கரி கப்பலிலேயே வந்து சேர்ந்தது. தோணி கட்டத் தெரிந்த தீவு மக்களுக்கு அக்கரையிலிருந்து விறகும் இரும்பும் கொண்டுவருவது பெரிதன்று. அவ்வாறாயின் கற்பனைப் புங்குடுதீவின் முதல் நீராவி யந்திரம் எந்த வேலைக்கு உதவும்? இங்கேதான் சோதனை சூடுபிடிக்கின்றது.

உண்மையான முதல் நீராவி யந்திரம் எந்த வேலைக்குப் பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அது துணி நெய்யப் பிறக்கவில்லை. வண்டி இழுக்கவும் பிறக்கவில்லை. நீர் இறைக்கவே பிறந்தது. தோமஸ் நியூகோமன் என்பவர் 1712ஆம் ஆண்டிலே டட்லி நகருக்கு அணித்தாயுள்ள நிலக்கரிச் சுரங்கத்திலே தம் யந்திரத்தை நிறுத்தினார். அது நிமிடத்துக்கு 12 முறை அசைந்து, ஒவ்வோர் அசைவிலும் ஏறக்குறைய 10 கலன் நீரை 150 அடி ஆழத்திலிருந்து மேலே கொணர்ந்தது. தான் உண்ட எரிபொருளின் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அது வேலையாக மாற்றவில்லை. ஆயினும் அது நின்ற இடம் நிலக்கரிச் சுரங்கத்தின் வாயில். விலைபோகாத கழிவுக் கரியே அதற்குத் தீனி. ஆகவே எவரும் அந்த விரயத்தைப் பொருட்படுத்தவில்லை.

அந்த யந்திரத்தின் உருவத்தைப் புங்குடுதீவுக் கமக்காரர் ஒருவர் கண்டிருப்பாராயின் அவருக்கு அது புதுமையாய்த் தோன்றியிராது. உயர்ந்த தாங்கியின்மேல் நடுவே பொருத்தப்பட்டு மேலும் கீழும் ஆடும் பெரிய மரச்சட்டம். அதன் ஒரு நுனி கிணற்றின் பக்கம். மறுநுனி பலத்தின் பக்கம். இது துலாவே. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றிலே ஆடுகாலின்மேல் துலா கிடக்கும். துலாவின் ஒரு நுனியிலிருந்து கொடி தொங்கும். கொடியின் முனையில் ஓலையால் முடைந்த பட்டை. துலாவின்மீது ஏறியோர் முன்னும் பின்னும் நடப்பர். அவர்களுடைய உடற்பாரமே நீரை உயர்த்தும். கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிற் கவிழ்ப்பர். நியூகோமன் செய்தது, துலா மிதிப்பவருக்குப் பதிலாக நீராவி உருளையைப் பூட்டியதாகும். எனவே புங்குடுதீவின் நாகரிகம் தன் முதற்பொறியை அடைய வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. சட்டம் ஏற்கெனவே கிணற்றடியில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆனால் இங்கிலாந்துச் சுரங்கத்தின் நீருக்கும் தீவுக் கிணற்றின் நீருக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சுரங்கத்திலே நீர் பகை. அதை எவ்வளவு விரைவாக வெளியேற்றினாலும் நன்மையே. ஒல்லாந்தரின் காற்றாலைகளும் அவ்வாறே வேண்டாத நீரை வெளியேற்றப் பெருகியவை. 1612ஆம் ஆண்டிலே பீம்ஸ்டர் என்னும் பெரிய ஏரியையே காற்றாலைகளால் இறைத்து வற்றச்செய்து அவர்கள் விளைநிலமாக்கினர். அதே ஒல்லாந்தர் பின்னர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது புங்குடுதீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் மிடில்பேர்க் என்று பெயரிட்டனர். பெயரைக் கொண்டுவர முடிந்தது. நீர் மிகுந்த தம் தாயகத்தின் நிலைமையைக் கொண்டுவர முடியவில்லை. புங்குடுதீவிலே நீர் பகையன்று, அதுவே உயிர்.

அந்த நீர் நிலத்தினுள் எவ்வாறு தங்கியிருக்கின்றது என்பதை அறிந்தால் முதற்பொறியின் விளைவும் விளங்கிவிடும். தீவின் அடியிலே சுண்ணாம்புக்கல்லின் துளைகளூடாகக் கடல்நீர் எங்கும் பரந்திருக்கின்றது. மேலிருந்து ஊறும் மழைநீர் உப்புநீரினும் இலேசானது. ஆகையால் தோணி கடலில் மிதப்பதுபோல நன்னீர் அவ்வுப்பு நீரின்மேல் மிதக்கின்றது. தோணியின் பெரும்பகுதி நீருள் ஆழ்ந்திருப்பது போலவே நன்னீரின் பெரும்பகுதியும் கீழே ஆழ்ந்திருக்கும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது தாழ்ந்திருக்கும் என்பது கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே ஒல்லாந்து நாட்டு கைபனும் 1901இலே ஜேர்மனி நாட்டு ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே இதை வகுத்தனர். உண்மையான நிலத்திலே இரு நீரும் ஓரளவு கலப்பதால் நன்னீரின் அளவு கணக்கினும் குறைந்தே இருக்கும்.

சுமையை இறக்கினால் தோணி மேலே எழும். மேலிருந்து நன்னீரை இறைத்துவிட்டாலும் அவ்வாறே நிகழ்கின்றது. கிணற்றின் நீர்மட்டம் ஓர் அடி நிலையாகத் தாழுமாயின், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலேற முயலும். சிறிய தீவிலே நன்னீர்ப் படலம் மிக மெல்லியது. மேலேறும் உப்பு விரைவில் கிணற்றடியை எட்டிவிடும். உவரான கிணற்றை ஒரே மாரியிலே திருத்திவிட முடியாது. ஆகவே, நியூகோமன் யந்திரத்தைப் புங்குடுதீவுத் தோட்டக் கிணற்றிலே நிறுத்தும் கதாசிரியர் முதலாண்டிலே செழித்த புகையிலையையும் மிளகாயையும் காட்டலாம். சில ஆண்டுகளிலே உப்புப் பூத்த வாய்க்காலையும் அவர் காட்டவேண்டி வரும். தன் நிலக்கரியை எடுத்துத் தந்த பொறியாலேயே இங்கிலாந்து செல்வம் அடைந்தது. அதே பொறியாலேயே இந்தக் கற்பனை நாடு தன் குடிநீரை இழந்துவிடும்.

இது வெறுங் கற்பனையன்று. 1950ஆம் ஆண்டுகளிலிருந்து மண்ணெண்ணெயால் இயங்கும் நீர் இறைக்கும் யந்திரங்கள் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே பரவின. துலாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு துலாவால் ஒரு நாளில் இறைக்கக்கூடிய நீருக்கு ஓர் எல்லை இருந்தது. மிதிப்பவரின் கால்கள் சோர்ந்தபோது கிணறும் ஓய்ந்தது. அந்த ஓய்விலே நீர் மீண்டும் ஊறியது. யந்திரத்துக்குக் கால் சோர்வதில்லை. மணிக்குப் பல ஆயிரம் கலன் நீரை அது இடைவிடாது எடுத்துவிடும். பின்வந்த காலத்திலே குடாநாட்டின் கரையோரங்களிலும் தீவுப் பகுதிகளிலும் கிணறுகள் உவராவது குறித்து ஆய்வாளர் திரும்பத் திரும்ப எச்சரித்து வந்துள்ளனர்.

இதனால் துலாவின் காலத்தைப் பொற்காலம் என்று பாடிவிடவும் கூடாது. விடியுமுன் எழுந்து துலாவின்மீது ஏறி, வெயில் ஏறும்வரை நடந்தோரின் உழைப்பு கடுமையானது. அவர்களுட் பலர் பிறர் நிலத்திலே கூலிக்கு உழைத்தவர்கள். நன்னீர்க் கிணறு ஒன்றிலே யார் நீர் அள்ளலாம், யார் கரையிலே காத்து நிற்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த காலமும் அதுவே. யந்திரம் வந்தபோது பலருடைய தோள்களும் கால்களும் விடுதலை பெற்றன. பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் பள்ளிக்கூடம் செல்ல முடிந்தது. கற்பனை நாட்டின் வரலாற்றை எழுதுபவர் இந்தப் பயனையும் கணக்கிலே சேர்க்கவேண்டும். யந்திரம் தீயதென்பது இங்கே முடிவன்று. துலாவிலே உடலின் களைப்பு ஓர் அளவுகோலாக இருந்தது. களைப்பை நீக்கிய மனிதன் அதனிடத்திலே வேறோர் அளவுகோலை வைக்காமல் விட்டான். குறை அங்கேதான் நேர்ந்தது.

அந்த அளவுகோலை வைத்திருக்கக்கூடிய நாகரிகம் எத்தகையது என்பதைக் கற்பனை செய்வதே கதாசிரியருக்குத் தக்க பணியாகும். அதன் முதற்பொறி புகை கக்கும் யந்திரமாக இராது. ஒவ்வொரு கிணற்றிலும் நீர்மட்டத்தைக் காட்டும் ஒரு கோல் அதன் முதற்கருவியாய் இருக்கும். உவரைச் சுவைத்து அறியும் நாவுக்குப் பதிலாக உப்பை அளக்கும் ஒரு முறை அதன் முதல் விஞ்ஞானமாய் இருக்கும். இந்த மாதத்தில் இந்தக் கிணற்றிலிருந்து இவ்வளவே எடுக்கலாம் என்று ஊர் கூடி வகுக்கும் விதி அதன் முதற் சட்டமாய் இருக்கும். குளங்களைத் தூர்வாரி ஆழமாக்குவதும், வெள்ளவாய்க்காலை மறித்து மாரி நீரை நிலத்துக்கு ஊட்டுவதும், கடல்நீர் உட்புகாமல் தடுக்க அணை கட்டுவதும் அதன் பெருங்கைத்தொழிலாய் இருக்கும். பொறியியலாளர் ஆறுமுகம் 1954ஆம் ஆண்டிலே முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கான நதித் திட்டம் இந்த வகையைச் சேர்ந்த சிந்தனையே. ஆனையிறவுக் கடல்நீரேரியையும் வடமராட்சிக் கடல்நீரேரியையும் மழைவெள்ளத்தால் நன்னீராக்கிக் குடாநாட்டின் நிலத்தடி நீரை வளர்ப்பது அதன் நோக்கம். நீரை எடுப்பதற்கு முன் நீரை நிறுத்துவதை அது எண்ணியது.

எடுப்பதிலும் அத்தீவுக்கு ஏற்ற முறை உண்டு. பசிபிக் சமுத்திரத்திலே கிரிபாட்டி நாட்டுத் தராவா என்னும் பவளத்தீவின் மக்கள், ஆழக் கிணறு தோண்டி ஓரிடத்திலேயே நீரை உறிஞ்சுவதில்லை. நீர்மட்டத்தை ஒட்டி, நிலத்தினுள் கிடையாகப் பதித்த துளைக்குழாய்கள் பரந்த பரப்பிலிருந்து நன்னீரைச் சிறிது சிறிதாக வழித்தெடுக்கின்றன. பாலின்மேற் படிந்த ஆடையை எடுப்பது போன்ற செயல் அது. இத்தகைய குழாய்க்கு வலிமையான பொறி தேவையில்லை. சோளகத்திலும் வாடையிலும் தீவின்மீது வீசும் காற்றாற் சுழலும் ஒரு சிறிய ஆலையே போதுமானது. சமனலவெவக் கொல்லர் காற்றை உலைக்கு அழைத்தது போலத் தீவின் நாகரிகம் காற்றைக் கிணற்றுக்கு அழைக்கும். அவ்வாறு வளர்ந்த நாகரிகத்தை ஏணியின் எந்தப் படியில் நிறுத்துவது? நிலக்கரி அதற்குத் தெரியாது. ஆயினும் நிலத்தடி நீரின் கணக்கு அதற்குத் தெரியும். இங்கிலாந்து அந்தக் கணக்கை அறிந்தது நீராவி யந்திரத்துக்கு வெகுகாலத்தின் பின்னரே.

இன்றைய நிலையும் கதாசிரியரின் கருத்துக்கு உரியது. கடல்நீரை மெல்லிய சவ்வினூடாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் நிலையம் ஒன்று வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் 2024ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் ஆக்குமாறு அது அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலே காற்றையும் சூரிய ஒளியையும் இணைத்து மின்சாரம் ஆக்கும் திட்டத்துக்கு இலங்கையும் இந்தியாவும் 2022 மார்ச்சிலே உடன்படிக்கை செய்தன. கடலையே குடிநீராக்கும் ஆற்றல் பழைய கதாசிரியர் கனவு கண்டதற்கு ஒப்பானது. ஆனால் அந்தப் பொறி ஓயாது மின்சாரத்தை உண்ணும்; பிரித்தெடுத்த உப்பை எங்காவது விடவேண்டும்; குழாயின் கடைக்கோடியிலுள்ள வீட்டுக்கும் நீர் போய்ச் சேரவேண்டும். எந்தப் பொறியைக் கொணர்ந்தாலும் அது எதை உண்கின்றது, எதைக் கழிக்கின்றது, யாருக்குக் கொடுக்கின்றது என்னும் மூன்று கணக்குகளும் அதனுடன் கூடவே வருகின்றன.

புங்குடுதீவுக்கு இந்தக் கணக்கு ஏட்டுக் கணக்கன்று. 1991ஆம் ஆண்டின் போர்ச்சூழலிலே அத்தீவின் மக்களுள் மிகப் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். முன்னரே வணிகத்துக்காகக் கொழும்பு முதலிய நகரங்களுக்குச் சென்று பழகியிருந்த அம்மக்கள், பின்னர் சுவிற்சர்லாந்து, பிரான்சு, பிரித்தானியா, கனடா எனப் பல நாடுகளிலே குடியேறினர். திரும்பி வந்தோர் தொகை குறைவு. பூட்டிய வீடுகள் இன்னும் பல. திரும்பி வருவோர் முதலிலே எட்டிப் பார்ப்பது கிணற்றை. கூரையை மீண்டும் போடலாம். மதிலை மீண்டும் கட்டலாம். கிணறு உவராகிவிட்டிருந்தால் அந்த வளவிலே குடியிருப்பது பற்றிய எண்ணமே மாறிவிடும். ஊரை மீண்டும் எழுப்ப வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படும் பணம் எத்தனையோ பொறிகளை வாங்கவல்லது. ஆழ்துளையிட்டு விசையாழி பொருத்துவது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வேலை, அயலிலுள்ள பத்துக் கிணறுகளின் பல்லாண்டு வாழ்வைத் தீர்மானித்துவிடலாம்.

ஆகையால் கற்பனை நாடொன்றைப் படைக்கும் எழுத்தாளரும், உண்மையான தீவொன்றுக்குத் திட்டம் வகுக்கும் அதிகாரியும், தூர தேசத்திலிருந்து தம் ஊருக்கு உதவ முன்வரும் அன்பரும் ஒரே வினாவிலிருந்து தொடங்குவது நன்று. இந்நாட்டவர் எந்தப் பொறியை அறிந்தவர்கள் என்பது இரண்டாவது வினா. இந்நிலம் ஓராண்டிலே எவ்வளவு நீரைத் தரவல்லது, அதை எண்ணிக் காப்பவர் யார் என்பது முதல் வினா. அதற்கு விடை எழுதிய பின்னர் அந்த நாட்டிலே காற்றாலையும் சுழலலாம், யந்திரமும் ஓடலாம். கிணற்று நீரும் குடிக்கத்தக்கதாய் இருக்கும்.